கூட்டுத் தொழிலும் கூடிப் பேசுதலும்

தோட்டத்து வேலையை விட்டுச் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கவேண்டும் என்னும் எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் தனியொருவரிடம் போதிய முதல் இருப்பதில்லை. ஆகவே அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன், கூட்டாளி என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறங்குகிறோம். பூசை போடுகிறோம், தேங்காய் உடைக்கிறோம். ஒரு தாளை எடுத்து எழுதிக்கொள்ள மட்டும் மறந்துவிடுகிறோம்.

நாம் அறிந்த இருவரின் கதையைக் கேளுங்கள். மூத்தவர், வேலையை விட்டபோது கிடைத்த சேமநிதிப் பணத்திலிருந்து 16,000 வெள்ளி போட்டார். அவருடைய மனைவியின் தம்பி 4,000 வெள்ளி போட்டார். ஆனால் லாரி ஓட்டத் தெரிந்தவர் தம்பிதான். 20,000 வெள்ளிக்குப் பழைய லாரி ஒன்றை வாங்கி மணல், செங்கல், வீட்டுச் சாமான் என்று ஏற்றினார்கள். லாரியின் கிராண்டு மூத்தவர் பேரில் இருந்தது. முதல் ஆண்டில் கையைக் கடித்தது, சண்டை இல்லை. இரண்டாம் ஆண்டில் ஆதாயம் வந்தது; சண்டையும் வந்தது!

“ஐந்தில் நான்கு பங்கு என் பணம். ஆதாயத்திலும் நான்கு பங்கு எனக்கு” என்றார் மூத்தவர். “இரவு பகலாக ஓட்டியவன் நான். முதலில் என் சம்பளம், பிறகு பாதிப் பங்கு” என்றார் இளையவர். அக்காள் தம்பி வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? நாமும் மண்டையைக் குழப்பிக்கொண்டோம். கடைசியில், வணிக வழக்குகளை நடத்தும் பட்டணத்து வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரையும் அழைத்துச் சென்றோம். அவர் சொன்னது இருவருக்குமே பிடிக்கவில்லை. நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டுப் பங்காளித்துவச் சட்டம், 26-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஆதாயமும் நட்டமும் சரிபாதி. உழைத்த பங்காளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. அது மட்டுமா? தொழிலுக்காக வாங்கிய கடனுக்குப் பங்காளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு.

நாம் எழுதாமல் விட்ட இடத்தைச் சட்டம் தன் கணக்குப்படி நிரப்பிக்கொள்கிறது. ‘ஓட்டுகிறவருக்கு மாதம் இவ்வளவு, மிச்சம் முதலுக்கு ஏற்றபடி’ என்று அன்றே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அந்த எழுத்தே செல்லுபடியாகியிருக்கும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் நிரூபிப்பது யார்?

“சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு? நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் சொந்த மாமன் வைக்கும் பத்து வெள்ளி மொய்யைக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறோமே, அதை யாராவது நம்பிக்கைக் குறைவு என்கிறோமா?

யார் எவ்வளவு போட்டார், உழைப்பவருக்கு என்ன, வங்கியில் யார் கையெழுத்து, வண்டி யார் பேரில், இவையெல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். இவற்றைவிட முக்கியம், ஒருவர் விலக விரும்பினால் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பது. முதல் நாளே பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நாம் அதைத் தொடுவதே இல்லை. எழுதிய தாளுக்கு முத்திரை வரியும் செலுத்தவேண்டும். தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்வதும் சட்டம்.

சரி, எழுதாமல் சிக்கிக்கொண்ட நம் இருவரின் கதிக்கு வருவோம். வழக்கறிஞர் லாரிக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய்ச் சீட்டும் டயர்ச் சீட்டும் பாதிதான் இருந்தன. அவர் ஒருவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்றவரிடம், “இந்தப் பணம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். மூத்தவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். இளையவருக்கோ பயம்: கிராண்டு மாமாவின் பேரில் இருக்கிறது, லாரியை விற்றுவிட்டால் பிழைப்புப் போய்விடும். பார்த்தீர்களா? ஒருவருக்கு வேண்டியது பணம், மற்றவருக்கு வேண்டியது லாரி. ஆறு மாதமாகப் பங்கைப் பற்றிச் சண்டையிட்டவர்கள் இதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. நாமும்தான் கேட்கவில்லை.

இன்னொரு தயக்கமும் இருந்தது. இறங்கிவந்து ஒரு தொகை சொன்னால், பின்னால் வழக்கு நடக்கும்போது “அன்றே ஒப்புக்கொண்டாயே” என்பார்களோ என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் வழி உண்டு. 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டப்படி, சான்றாகக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு சமரசத்திற்காகச் சொன்னதை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட முடியாது. ‘உரிமைக்குப் பாதகமின்றி’ என்று கடிதத்தின் தலையில் வழக்கறிஞர்கள் எழுதுவது இதற்காகத்தான். ஆனால் பேச்சை இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்குத் தொடர ஆறு ஆண்டுதான் கெடு. நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கெடு நின்றுவிடாது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையானால் வழக்கறிஞர் வைக்காமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்காகத் தொடரலாம். இவர்களுடையது அதற்கு மேல்.

வெளியாள் ஒருவர் லாரியை 15,000 வெள்ளி என்று மதிப்பிட்டார். 5,000 வெள்ளி குறைந்ததை ஆளுக்கு 2,500 ஏற்றுக்கொண்டார்கள். அப்படியானால் மூத்தவருக்கு 13,500, இளையவருக்கு 1,500. கையிலிருந்த ஆதாயம் சரிபாதி. லாரியை இளையவர் எடுத்துக்கொண்டு, உடனே 3,500 வெள்ளி கொடுத்தார். கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்று. மிச்சம் 10,000 வெள்ளி, மாதம் 400 வெள்ளியாக 25 தவணை. கடைசித் தவணைவரை கிராண்டு மூத்தவர் பேரில் இருக்கும்; அதுவரை அவர் விற்கக்கூடாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் லாரி அவருக்கு. இம்முறை எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, முத்திரை வரியும் கட்டினார்கள்.

இருபத்தைந்தாவது தவணை முடிந்ததும் இருவரும் ஒன்றாகவே சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போய்ப் பெயரை மாற்றி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அக்காள் தம்பி வீட்டுக்குப் போனாரா என்று கேட்பீர்கள். இல்லை, மூன்றாம் தவணை மாதமே போய்விட்டார்.