மணி பார்த்தீர்களா?

காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. எடுக்கப் போனால் கை சொன்னபடி கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. "வாயுப் பிடிப்பா இருக்கும், கொஞ்ச நேரம் படுங்க" என்று தைலம் தேய்க்கிறார்கள். பக்கவாதத்தில் பொன்னான நேரம் கரைவது பெரும்பாலும் இந்தக் கட்டிலருகேதான்.

மூளையில் நடப்பது

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடலாம், அல்லது வெடிக்கலாம். அதிகம் பேருக்கு வருவது அடைப்பு. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன.

நாலரை மணி நேரம்

உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி பலன் தருகிறது என்பது 1995-ல் உறுதியானது. அப்போது கெடு 3 மணி நேரம். 2008-ல் அது நாலரை மணி நேரமானது. ரத்தக் கசிவு உள்ளவருக்கு இதே ஊசி ஆபத்து என்பதால் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் போடமாட்டார்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை உருவி எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவும்.

டாக்டர் முதலில் கேட்பது, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" இரவு 10 மணிக்குப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை வராமல் எழுந்தால், கணக்கு இரவு 10-லிருந்து ஓடுகிறது. அதற்காக 'நேரம் போச்சு' என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஸ்கேன் பார்த்து அவர்கள் முடிவு செய்யட்டும்.

எங்கே போவது?

தெருமுனை கிளினிக்குக்கு வேண்டாம். 108-ஐ அழைத்து, ஸ்கேனும் இந்த ஊசியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். புதுச்சேரியில் அப்படியொரு மருத்துவமனை, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். முதலியார்பேட்டையிலிருந்து அங்கே போக இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களைத் தாண்ட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அந்த நெரிசலை நம்மால் குறைக்க முடியாது, வீட்டில் போகும் அரைமணியைக் குறைக்கலாம். சோடா, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தானாகச் சரியானால்?

இழுத்த கை பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த சில நாட்களில் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை.