மணலை அடைக்கும் மணல்

சிலாங்கூரின் வடமேற்கு மூலையில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் உள்ள சுங்கை பெசார் நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். சாலையின் இருபுறமும் வயல்கள். வயல்களுக்கு நடுவே வாய்க்கால்கள். அவற்றில் ஓடும் நீர் தொலைவிலிருந்து வருகிறது. பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பிவிடப்படும் நீர், ஊட்டுக் கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றை அடைகிறது. அங்கிருந்து கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பெருங்கால்வாயில் பாய்ந்து, தஞ்சோங் காராங் தொடங்கி சுங்கை பெசாரையும் தாண்டி, ஏறத்தாழ 20,000 ஹெக்டர் நிலத்தை நனைக்கிறது.

இந்த வாய்க்கால் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்தால் ஒன்று புலப்படும். நீரில் இருக்கும் மணல் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் துகளோ மறுநாள் காலையிலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். துகள் எவ்வளவு பெரியதோ அவ்வளவு விரைவில் அது நீரை விட்டு விலகும். போத்தலில் காணும் இந்த எளிய உண்மைதான் நீச்சல் குளத்தின் வடிகட்டியைக் காப்பாற்றவும் உதவுகிறது.

செகிஞ்சானிலும் அதைச் சுற்றியும் வயலோரத் தங்குவிடுதிகள் பெருகியுள்ளன. அவற்றுள் சிலவற்றில் சிறிய நீச்சல் குளங்களும் உண்டு. அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் வயலில் இறங்கியதும் பதரும் வைக்கோல் தூசியும் காற்றில் பறந்து குளத்தில் விழும். வைக்கோலை எரித்தால் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். ஆயினும் இவ்வட்டாரத்துக் குளங்களுக்கு ஒரு தொல்லை இல்லை. இங்குள்ள கடற்கரை சேறு நிறைந்தது. காற்று அள்ளிவர மணல் அதிகம் கிடையாது. திரெங்கானு, கிளந்தான் கரைகளில் நிலைமை வேறு. வளைகுடா நாடுகளிலோ முற்றிலும் வேறு. அங்கே வடமேற்கிலிருந்து ‘ஷமால்’ என்னும் காற்று வீசும். சூன், சூலை மாதங்களில் அதன் வேகம் மிகும்போது வானமே பழுப்பு நிறமாகிவிடும். காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் விடுதிக் குளங்களின் தரையில் மணல் கோலமிட்டிருக்கும். அதை அகற்றும் பணியாளர்களுள் தமிழர்களும் இருக்கிறார்கள்.

குளத்து நீரைத் தூய்மையாக வைத்திருப்பதும் மணல்தான் என்பது இதில் வேடிக்கை. பெரும்பாலான நீச்சல் குளங்களில் பம்புக்கு அருகே ஒரு மூடிய கலன் இருக்கும். அதனுள் சலித்தெடுத்த வெண்மணல் நிரப்பப்பட்டிருக்கும். அம்மணலின் ஒவ்வொரு பரலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுடையது. பம்பு குளத்து நீரை இழுத்து மணலின் மேற்புறத்தில் செலுத்தும். பரல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நுழைந்து நீர் கீழே இறங்கும்போது, அழுக்கு மணலில் சிக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களைக்கூட இது பிடித்துவிடும். மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் திறன் விளங்கும்.

அழுக்குச் சேரச் சேர நீர் இறங்குவது கடினமாகும்; கலனின் மேலுள்ள அழுத்தமானியின் முள் உயரும். அப்போது வால்வைத் திருப்பி, நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்துவார்கள். மணல் தளர்ந்து மிதந்து ஒன்றோடொன்று உரசும். அதில் ஒட்டியிருந்த அழுக்கு பிரிந்து, கழிவுக் குழாய் வழியாக வெளியேறும். தலைகீழாகக் கழுவும் இந்த முறையால் அதே மணலைப் பல ஆண்டுகள் பயன்படுத்த முடிகிறது.

காற்றில் வரும் மணல் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. தலைகீழாகக் கழுவும்போது நீரின் வேகம் அளவோடு இருக்க வேண்டும். வேகம் மிகுந்தால் கலனில் உள்ள மணலே வெளியேறிவிடும். அந்த அளவான வேகத்தில் தூசி வெளியேறும். முடி, எண்ணெய்ப் பிசுக்கு, பாசி எல்லாம் வெளியேறும். காற்று கொண்டுவந்த 0.2 மில்லிமீட்டர் மணலோ வெளியேறாது. நீர் அதைத் தூக்கிச் செல்லும் வேகத்தைவிட அது கீழே விழும் வேகம் அதிகம். அதே வேளையில் அது வெண்மணலைவிட நுண்ணியது; ஆதலால் கழுவி முடிந்து மணல் மீண்டும் படியும்போது எல்லாவற்றுக்கும் மேலே அதுவே படியும். இப்படி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மேலே ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகும். அப்படலத்தின் இடைவெளிகள் மிகச் சிறியவை. நேற்றுக் கழுவிய கலன் இன்றே அடைத்துக்கொள்ளும். பராமரிப்பாளர் மீண்டும் மீண்டும் கழுவுவார். நீரும் குளோரினும் வீணாகும். அடைப்பு மட்டும் தீராது. போதாக்குறைக்கு, வழியில் பம்பின் சுழலியையும் மணல் தேய்த்துவிடும்.

இதனால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. வடிகட்டி வழியாகச் செல்லும் நீரின் அளவு குறைந்தால் குளத்து நீர் கலங்கும். கலங்கிய நீரில் மிதக்கும் துகள்கள் கிருமிகளுக்கு மறைவிடமாகி, குளோரினின் வேலையைக் கெடுக்கின்றன. அதைவிட அச்சந்தரும் ஒன்றும் உண்டு. ஒரு குழந்தை ஓசையின்றி மூழ்கினால், கரையில் இருக்கும் உயிர்காப்பாளருக்குத் துணை அவர் கண்கள் மட்டுமே. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடப்பது கலங்கிய நீரில் தெரியாது. அதனால்தான், குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால் எவரையும் குளத்தில் இறங்கவிடக் கூடாது என்னும் விதி பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

எனவே, மணலைப் பிடிக்க வேண்டிய இடம் வடிகட்டி அன்று. அது வடிகட்டியை அடையும் முன்பே தடுக்கப்பட வேண்டும். அதற்குக் காற்று எவ்வாறு மணலைச் சுமக்கிறது என்று தெரிய வேண்டும். இதை ஆராய்ந்தவர் ரால்ஃப் பேக்னால்டு என்னும் பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்த அவர், தம் ஆய்வு முடிவுகளை 1941ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தூசி வானளாவ எழும், மணல் அப்படியன்று. மணற்பரல் தரையிலிருந்து துள்ளி எழுந்து, காற்றில் சிறிது தூரம் சென்று, மீண்டும் தரையில் மோதி, வேறு பரல்களையும் துள்ள வைக்கும். மணலின் பெரும்பகுதி முழங்கால் உயரத்திற்குள்ளேயே இப்படித் தத்தித் தத்திச் செல்கிறது.

முழங்கால் உயரத்தில் வருவதைத் தடுப்பது அத்துணைக் கடினமன்று. குளத்தைச் சுற்றிப் புல் வளர்த்தாலோ கல் பாவினாலோ அருகிலுள்ள மணல் கிளம்பாது. காற்று வரும் திசையில் தாழ்வான வேலி வைத்தாலும் பயன் உண்டு. ஆனால், அடைப்பான மதில்சுவர் எப்போதும் நல்லதன்று. காற்று மதிலின் மேல் ஏறிக் குதித்து, மறுபுறம் சுழன்று, தான் சுமந்ததை அங்கேயே கொட்டக்கூடும். அங்கேதான் குளம் இருக்கிறது! பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக உள்ள வேலி, காற்றை முழுவதும் மறிக்காமல் தளர்த்திவிடும். வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவு வரையிலும் அதன் பயன் தெரியும். வேலிக்குப் பதிலாகச் சவுக்கு மரங்களை நட்டவர்கள் மணலிலிருந்து தப்பினாலும், ஊசி போன்ற அதன் சருகுகளை நாள்தோறும் குளத்திலிருந்து அரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

வேகம் தளர்ந்தால் சுமை இறங்கும் என்பதற்குச் சுங்கை பெசாருக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுங்கை ஹாஜி டோரானி கடற்கரையில் அலைகள் கரையை அரித்ததால் கண்டல் மரங்கள் அழிந்துவந்தன. மீண்டும் நட்ட கன்றுகளையும் அலை பிடுங்கிச் செல்லும் நிலை இருந்தது. ஆகவே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி அலைத்தடுப்பு அமைத்து, அதன் பின்னால் கண்டல் கன்றுகளை நட்டு ஆய்வு செய்தனர். அலை தளர்ந்த இடத்தில் நீர் சுமந்துவந்த சேறு படியும். சேறு படிந்தால் கன்றுகள் வேரூன்ற இடம் கிடைக்கும். அங்கே சுமப்பது நீர். பாலைவனத்தில் சுமப்பது காற்று. கன்றுக்குச் சேறு வேண்டும். குளத்துக்கு மணல் வேண்டா. அவ்வளவே வேறுபாடு.

வேலியைத் தாண்டியும் மணல் வரும். புயல் வரும் என்று தெரிந்தால் குளத்தை விரிப்பால் மூடுவது சிறந்தது. ஆனால், விரிப்பின் மேலுள்ள மணலைக் கூட்டி அள்ளாமல் அதைச் சுருட்டினால், அத்தனையும் ஒரே நொடியில் நீரில் விழும். குளிக்க வருவோரின் பாதங்களிலும் மணல் வரும். கடற்கரை விடுதிகளில் குளத்துக்கு முன்னால் கால் கழுவும் குழாய் இருப்பது இதற்காகத்தான்.

இவற்றையும் மீறி நீரில் விழுந்த மணலுக்குப் போத்தல் சொன்ன பாடம் உதவுகிறது. புயல் ஓய்ந்ததும் பம்பை உடனே ஓடவிடாமல் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால், மணல் முழுவதும் குளத்தின் தரையில் படியும். பிறகு உறிஞ்சுகுழாயால் மெதுவாக அதை உறிஞ்ச வேண்டும். அப்போது வால்வைக் கழிவு நிலைக்குத் திருப்பி வைப்பது முக்கியம். அப்படிச் செய்தால் மணல் கலந்த நீர் வடிகட்டிக்குள் புகாமல் நேரே வெளியேறும். சிறிது நீர் குறையும், வடிகட்டி பிழைக்கும். நீரில் எஞ்சியிருக்கும் தூசியை மட்டும் வடிகட்டியிடம் விட்டுவிடலாம். தூசியைப் பிடிக்கவும் கழுவித் தள்ளவும் அதற்குத் தெரியும்.

குளத்தின் தரையில் காணும் மணலெல்லாம் காற்றில் வந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. நீர் மீண்டும் குளத்துக்குள் வரும் துளையின் அருகே, ஒரே அளவான வெண்பரல்கள் குவிந்து கிடந்தால், வடிகட்டியின் உட்குழாய் உடைந்து அதன் மணலே வெளியேறுகிறது என்று பொருள். அதற்கு வேலி கட்டிப் பயனில்லை.

சிறிய குளத்துக்குப் பொருந்தும் இம்முறை ஒரு மாநகரத்துக்கும் பொருந்தியிருக்கிறது. 1872ஆம் ஆண்டு முதல் சென்னை நகருக்குச் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை வந்து, வடிகட்டப்படாமலேயே மக்களைச் சென்றடைந்தது. திறந்த வாய்க்காலில் காற்றும் மழையும் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். பின்னர் ஜே. டபிள்யூ. மேட்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி அந்நிலை மாறியது. நீர் முதலில் ஏரியருகே பருவடிகட்டிகளில் தன் பெருஞ்சுமையை இறக்கியது. பிறகு, நிலத்தடியில் கட்டப்பட்ட மூடிய கால்வாய் வழியாகப் பயணம் செய்தது. அதன் பின்னரே கீழ்ப்பாக்கத்தின் மெது மணல் வடிகட்டிகளில் இறங்கியது. 1914ஆம் ஆண்டில் அங்கே அத்தகைய வடிகட்டிகள் 14 அமைந்தன.

மெது மணல் வடிகட்டியில் தலைகீழாகக் கழுவும் வழக்கம் இல்லை. அது மேலே திறந்த பெரிய தொட்டி. அடைப்பு ஏற்பட்டால் நீரை வடித்துவிட்டு, மணலின் மேற்பரப்பை ஓரிரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுப்பார்கள். கீழே உள்ள மணல் தூய்மையாகவே இருக்கும். மணற்காற்று வீசும் ஊர்களில் அனுபவம் மிக்க குளப் பராமரிப்பாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எத்தனை முறை கழுவியும் அழுத்தமானியின் முள் இறங்காதபோது, பம்பை நிறுத்திக் கலனின் மூடியைத் திறக்கிறார்கள். மேலே பழுப்பாகப் படிந்திருக்கும் நுண்மணலைக் கரண்டியால் வழித்தெடுத்து, அந்த அளவுக்குப் புதிய வெண்மணலைப் போட்டு மூடுகிறார்கள். பம்பு மீண்டும் ஓடத் தொடங்கும்போது முள் பழைய இடத்துக்குத் திரும்புகிறது.