நெல்லுக்குள் ஓர் இடமாற்றம்

நெல்லை ஒரு தடவை அவித்து, அரிசியாக்கி, அதையே மறுபடி உலையில் போட்டு வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடாதா, அதற்குப் பச்சரிசியே மேல் இல்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வைட்டமின்கள் சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும் என்று பள்ளியில் படித்த எவருக்கும் எழக்கூடிய நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதன் விடை நாம் நினைப்பதற்கு நேரெதிரானது. ஆலையில் தீட்டிய பச்சரிசியைவிட, இரண்டு முறை வெந்த புழுங்கல் அரிசியில்தான் பி1 என்ற தயமின் மும்மடங்குக்கு மேல் இருக்கிறது. ஒரு தானியத்தில் எவ்வளவு சத்து இருக்கிறது என்றுதான் நாம் எப்போதும் கேட்கிறோம். அது தானியத்தின் எந்த மூலையில் இருக்கிறது, ஆலைக்குள் போய் வந்த பிறகும் அங்கேயே இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பச்சரிசியை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை முழுதாக இருக்கும். மறுமுனையில் ஓரமாகச் சின்னதாகக் கிள்ளி எடுத்தாற்போல ஒரு பள்ளம் தெரியும். முளைக்கரு உட்கார்ந்திருந்த இடம் அது. கருவுக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு உண்டு. நெல் முளைவிடும்போது மாவிலிருந்து உணவை உறிஞ்சிக் குருத்துக்கு ஊட்டுகிற தாதி அதுதான். எடையில் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் இந்தத் தகட்டில்தான் அரிசியின் தயமினில் ஏறக்குறைய பாதி அடங்கியிருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தவிட்டுப் படலத்தில். நாம் சோறாக்கித் தின்னும் வெள்ளை மாவுப் பகுதிக்குக் கிடைத்திருப்பது மிகச் சொற்பம். ஆலையில் தீட்டும்போது முதலில் பெயர்ந்து விழுவது இந்த முளைக்கருவும் தவிடும்தான். அரிசி பளபளவென்று வெளுக்க வெளுக்க, தவிட்டு மூட்டையில் சத்து ஏறுகிறது. அது மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது.

நெல் அவிப்பவர்கள் இந்தக் கணக்கை வேதியியல் தெரியாமலே மாற்றிவிட்டார்கள். நெல்லை உமியோடு ஊறப்போட்டு, அது வாய் பிளக்கத் தொடங்கும்வரை ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து, அதன் பிறகே ஆலைக்கு அனுப்புகிறார்கள். மாவடுவை உப்பு நீரில் போட்டால் நாலைந்து நாளில் உப்பு காயின் உள்ளே ஏறிவிடுகிறதல்லவா, அதே இயக்கம்தான் இங்கேயும் நடக்கிறது. ஊறும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் தயமின் தண்ணீரில் கரைகிறது. கரைந்தது வெளியே ஓடிவிடாமல் உமி ஓரளவு தடுக்க, அது மாவின் உட்பகுதிக்குள் நகர்கிறது. ஆவி பட்டதும் மாவுச்சத்து குழைந்து இறுகி, வந்த சத்தை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. மணியில் இருந்த விரிசல்களும் அப்போதே ஒட்டிக்கொள்வதால் அரைக்கும்போது குருணை குறைவாக விழுகிறது. சூட்டில் தயமின் கொஞ்சம் அழிவதும் உண்மைதான். வாசகரின் சந்தேகம் அந்த மட்டில் சரி. ஆனால் அழிவது சிறு பங்கு, தவிட்டிலிருந்து தப்பி உள்ளே வந்து சேர்வது பெரும் பங்கு.

இந்த இடமாற்றம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. ஆசியாவில் நீராவி ஆலைகள் பெருகிய காலத்தில் பெரிபெரி என்ற நோய் ஊர் ஊராகப் பரவியது. கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் ஓய்ந்துபோகும் நோய் அது. டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில் எய்க்மன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் தளர்வதையும், தவிடு நீக்காத அரிசியைத் தின்றதும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். அந்த வேலைக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய நண்பர் வோர்டர்மன் ஜாவா, மதுராத் தீவுகளின் சிறைகளில் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்குப் பெரிபெரி. தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான்.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது மலாயா. அங்கே தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் கூட்டம் கூட்டமாகப் பெரிபெரியில் விழ, அதே மண்ணில் அதே வெயிலில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்களை நோய் பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதற்குக் காரணம் அரிசிதான் என்றார்: சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அவர் கண்ணில் பட்டது உண்மை. 1905 இறுதியில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் சொல்லவைத்து, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படையினரை இன்னொன்றிலும் வைத்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்தார். நோய் கட்டடத்தில் இருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. தங்களுக்கு என்ன நடக்கிறது என்றே அறியாத அந்த மனிதர்களின் உயிர் கொடுத்து வாங்கிய அறிவு இது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

தயமின் ஏன் இத்தனை முக்கியம்? சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கும் வேலையில் அது இல்லாமல் உடலுக்கு நடக்காது. ஆகவே மாவுச்சத்து அதிகம் தின்பவருக்குத் தயமினும் அதிகம் வேண்டும். ஆயிரம் கலோரிக்கு அரை மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 345 கலோரி தரும். அதை எரிக்க 0.17 மில்லிகிராம் தயமின் வேண்டும். நம் நாட்டு உணவு அட்டவணைகளில் நெடுங்காலம் அச்சான கணக்குப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இருப்பது 0.06 மில்லிகிராம், தீட்டிய புழுங்கலில் 0.21. பச்சரிசி தன் செலவுக்கே பற்றாமல் பருப்பிடமும் காயிடமும் கடன் கேட்கிறது. புழுங்கலோ தன் செலவைத் தானே தாங்கி, சமையலில் இழப்பதற்கும் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கிறது. கைக்குத்தல் பச்சரிசிக்கும் அதே அட்டவணையில் 0.21தான். உரலும் உலக்கையும் காத்துக்கொடுத்த சத்தை, இயந்திரத்தில் தீட்டிய பிறகும் புழுங்கல் காத்துக்கொடுக்கிறது.

இப்போது யார் வெறும் சோற்றை மட்டும் தின்கிறார்கள், பருப்பும் முட்டையும் காயும் அந்தக் குறையை ஈடுகட்டாதா என்று கேட்கலாம். வசதியுள்ள வீட்டில் ஈடுகட்டும். ஆனால் உடல் சேமித்து வைக்கும் தயமின் முப்பது மில்லிகிராம் அளவே. வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பல உணவுகளை விலக்கிவிட்டு வெள்ளைச் சோற்றையே போடும் இடங்களில், தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் பெரிபெரியால் மூச்சுத் திணறுவதைக் காஷ்மீர் மருத்துவர்கள் இந்த நூற்றாண்டிலும் பதிவு செய்திருக்கிறார்கள். நாள்தோறும் குடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து. செறிவூட்டிய அரிசிதான் இருக்கிறதே என்றால், அதில் கட்டாயமாகச் சேர்ப்பது இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம், தயமின் கட்டாயமில்லை. முதலில் தீட்டித் தள்ளிவிட்டுப் பிறகு வேறு மூன்றைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். இரத்தசோகைக்கு அது தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் போனது வேறு, வந்தது வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

புழுங்கல் வாடை பிடிக்கவில்லை என்பவர்களும் உண்டு. அந்த வாடை அவித்ததால் வருவதில்லை. நெல்லைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போட்டுப் புளிக்கவிடுவதால் வருகிறது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்த வெந்நீர் ஊறல் முறையில் சில மணி நேரத்திலேயே நெல் ஊறிவிடும், நாற்றத்துக்கு இடமில்லை. பொங்கலுக்கும் பாயசத்துக்கும் பச்சரிசியே பொருத்தம், அதில் சண்டை இல்லை. எனக்கு வருத்தம் அன்றாடச் சோற்றைப் பற்றித்தான். கடையில் அரிசியை அள்ளிப் பார்த்து, மஞ்சள் சாயல் தெரிந்தால் மட்டம் என்று ஒதுக்குகிறோம். தவிட்டிலிருந்து உள்ளே ஏறிய நிறமும் அந்தச் சாயலில் உண்டு. வாங்குகிறவர் வெண்மை கேட்கும்வரை ஆலைக்காரர் தீட்டிக்கொண்டேதான் இருப்பார்.

மிச்சம் அடுப்படியில். பச்சரிசியைத் தண்ணீர் தெளியும்வரை நாலு தடவை களைந்தால், ஒட்டிக்கொண்டிருந்த சொற்பத் தயமினிலும் ஒரு பெரும் பங்கு கழுநீரோடு தொட்டிக்குப் போய்விடும். புழுங்கலில் சத்து மணியின் உட்பகுதியில் இறுகிக் கிடப்பதால் அவ்வளவு எளிதில் வெளியேறாது. ஆனாலும் ஒரு தண்ணீர், தூசி இருந்தால் இரண்டு, அதற்கு மேல் தேவையில்லை. வடித்துத்தான் பழக்கம் என்றால், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துவிடலாம்.