திரையும் மனச்சான்றும் – 14: ஒரே இயக்குநர், இரண்டு தீர்ப்புகள்

திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி, வத்திக்கானின் சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை 1995இல் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்ற மூன்று தலைப்புகளின் கீழ், தலைப்புக்குப் பதினைந்து படங்களாக அமைந்த அப்பட்டியலில், இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரோசெல்லினியின் 'புனித பிரான்சிஸின் மலர்கள்' (1950) சமயப் படமாகவும், 'ரோம், திறந்த நகரம்' (1945) விழுமியப் படமாகவும் இடம்பெற்றன. இதே ரோசெல்லினியின் மற்றொரு படத்தைத்தான் 1951 ஜனவரியில் நியூயார்க் பேராயர் கர்தினால் பிரான்சிஸ் ஸ்பெல்மன் கத்தோலிக்கர் எவரும் பார்க்கலாகாது என்று கண்டித்தார்.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1936இல் எழுதிய சுற்றுமடலும், படங்களை ஏ, பி, சி எனத் தரம்பிரித்த அமெரிக்கக் கத்தோலிக்க ஒழுக்கச் சேனையும் சென்ற இதழில் பார்க்கப்பட்டவை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கான படத்தேர்வு இவ்வாரம் பேசப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் ரோசெல்லினியின் வழக்கை முடிக்காமல் அங்கே செல்வது பொருந்தாது.

கண்டிக்கப்பட்ட படத்தின் பெயர் 'அற்புதம்'. 1948இல் எடுக்கப்பட்ட இச்சிறுபடத்தில், ஆடு மேய்க்கும் பேதைப் பெண் ஒருத்தி வழியில் கண்ட அந்நியன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்றே நம்பிவிடுகிறாள். அவன் கொடுத்த மதுவில் மயங்கிய அவள் பின்னர் கருவுற்றிருப்பதை அறிந்ததும், அதை இறைவனின் அருட்கொடையாகவே ஏற்கிறாள். ஊரார் எள்ளி நகையாடி விரட்ட, மலைமேல் உள்ள கோவிலில் யாரும் துணையின்றிப் பிள்ளை பெறுகிறாள். பெண்ணாக நடித்தவர் அன்னா மன்யானி. கதையை எழுதியதோடு, ஒரு வசனமும் பேசாத அந்த அந்நியனாகத் தலைமுடிக்கு வெளிர்நிறம் பூசிக்கொண்டு நடித்தவர், அப்போது இயக்குநராகப் புகழ்பெற்றிராத ஃபெடரிகோ ஃபெல்லினி. அவருடைய 'லா ஸ்த்ராதா', 'எட்டரை' ஆகிய இரு படங்களும் 1995ஆம் ஆண்டுப் பட்டியலில் கலைப் பிரிவில் உள்ளன என்பதையும் இங்கேயே குறித்துவிடலாம்.

நியூயார்க்கில் இப்படம் ஓடிய பாரிஸ் திரையரங்கின் முன் கத்தோலிக்க அமைப்பினர் பதாகைகளோடு மறியல் செய்தனர். மாநில அரசின் கல்வி ஆட்சிக்குழு படத்தின் உரிமத்தை ரத்துசெய்தது. விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் தொடுத்த வழக்கில் 1952 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திரைப்படமும் கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டதே என்றும், தெய்வ நிந்தனை என்று சொல்லி ஓர் அரசு படத்தைத் தடுக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. திரைப்படம் வெறும் வணிகமே என்று 1915இல் அதே நீதிமன்றம் கூறியிருந்த நிலைப்பாடு இதனால் கவிழ்ந்தது. ஒரு படத்தை மறைக்க எடுத்த முயற்சி, அதன்பின் வந்த எல்லாப் படங்களுக்கும் கதவு திறந்துவிட்டது.

ஆண்டுகளைக் கவனித்தால் வியப்பு இன்னும் கூடும். 'அற்புதம்' நியூயார்க்கில் திரையிடப்பட்டது 1950 டிசம்பரில். மெய்யான பிரான்சிஸ்கன் துறவிகளையே நடிக்கவைத்து எடுத்த 'புனித பிரான்சிஸின் மலர்கள்' வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது அதே 1950இல். அறிவிலிகளாய் உலகம் இகழ்வோரிடம் கடவுள் தங்குகிறார் என்ற ஒரே எண்ணமே இரண்டு படங்களுக்கும் உயிர். மழையில் நனைந்து, அடிபட்டு, அதிலேயே மகிழும் துறவியை ஏற்றுக்கொண்ட கண், ஏச்சு வாங்கிப் பிள்ளை பெறும் ஆட்டிடைச்சியை ஏற்க மறுத்தது. கர்தினாலின் சினத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது; கன்னி மரியாவின் வரலாற்றைக் கேலிக்கூத்தாக்கியதாக நம்பிக்கையுள்ள ஒருவர் கருத இடமுண்டு. எனினும் அப்படத்தில் கேலி செய்பவர்கள் ஊரார்தான். இயக்குநர் அவள் பக்கமே நிற்கிறார்.

கத்தோலிக்க அறநோக்கின் தொடக்கம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது: தீமை திரையில் தோன்றுகிறதா என்பது முதற்கேள்வி அன்று, படம் அத்தீமையின் எந்தப் பக்கத்தில் நின்று அதைக் காட்டுகிறது என்பதே முதற்கேள்வி. பன்னிரண்டாம் பயஸ் 1955இல் இலட்சியத் திரைப்படம் பற்றி ஆற்றிய இரு உரைகளும், 1957இல் வெளியிட்ட சுற்றுமடலும் இத்திசையில் நகர்ந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று அறிவித்த சமூகத் தொடர்பு ஆணையின் ஏழாம் பத்தி, ஒழுக்கத் தீமையைச் சித்தரிப்பதும் மனிதரை ஆழமாக அறிய உதவும் என்று ஏற்றுக்கொண்டு, அது கட்டுப்பாட்டோடு செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைத்தது. ஒன்பதாம் பத்தி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பார்ப்பவரிடம் ஒப்படைத்தது. மார்க்சியரான பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி' (1964), கடவுள் மறுப்பாளரான புனுவேலின் 'நசரின்' ஆகியவை பின்னாளில் வத்திக்கான் பட்டியலின் சமயப் பிரிவிலேயே இடம்பெற்றதை இந்த மாற்றமின்றி விளக்க முடியாது.

அப்பட்டியலுக்கும் ஒரு குறை உண்டு. இந்தியா பற்றிய படம் அதில் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) ஒன்றே. இந்திய இயக்குநர் ஒருவரும் இல்லை. கனடாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு கஸ்தோன் ரொபெர்ஜ், இந்தியா வரும் வழியில் நியூயார்க்கில் சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களைப் பார்த்துத் தாம் செல்லும் நாட்டு மக்களை அவற்றிலேயே முதலில் சந்தித்தார். பின்னர் 1970இல் கொல்கத்தாவில் 'சித்ரபாணி' என்ற ஊடகப் பயிற்சி மையத்தையும் நிறுவினார். ரோமில் பட்டியல் தொகுத்தவர்கள் அவரைக் கேட்டிருந்தால் ராயின் பெயர் விடுபட்டிருக்காது.

தேனி மாவட்டத்துச் சின்னமனூர் வட்டாரத்தில், படம் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற அளவுகோலைச் சோதிக்க அயலூர்ப் படம் தேவையில்லை. அல்லிநகரத்தின் பாரதிராஜா இயக்கி, பண்ணைப்புரத்தின் இளையராஜா இசையமைத்த 'அலைகள் ஓய்வதில்லை' (1981) முடியும்போது நாயகன் பூணூலையும் நாயகி சிலுவையையும் கழற்றி எறிகிறார்கள். ஒழுக்கச் சேனையின் கையேடு இருந்தால் இப்படம் அரை நிமிடத்தில் கண்டிக்கப்பட்ட படங்களின் 'சி' வரிசைக்குப் போயிருக்கும். பக்கம் பார்க்கும் கேள்வியைக் கேட்டால் விடை சிக்கலாகிறது: நாயகியின் குடும்பத்தில் சிலுவை மானத்தின் வேலியாகவே நிற்பதால், எறியப்படுவது நம்பிக்கையா வேலியா என்று பார்வையாளர் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கைக்கு வேறொரு முகமும் உண்டு என்பதைக் காட்ட அப்படம் மெனக்கெடவில்லை என்பதே அதன் பலவீனம். எறிந்த காட்சி அன்று.

அதனினும் நெருக்கமானது லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமந்து, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஏங்கும் ரங்கசாமி, இறுதியில் தன் கையை விட்டுப்போன அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக அமர்கிறான். சமயப் போதனை எதுவும் படத்தின் நோக்கம் அன்று. தொழிற்சங்கத் தோழர் சாக்கோவே அதில் அறத்தின் குரல். ஆயினும் வத்திக்கானின் விழுமியப் பிரிவில் உள்ள எர்மான்னோ ஓல்மியின் 'மரக்காலணி மரம்' (1978) படத்தோடு இதை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு உறவு உடனே விளங்கும். அங்கே, மகன் பள்ளிக்கு நடந்து செல்லக் காலணி செய்வதற்காகப் பண்ணையாரின் மரம் ஒன்றை வெட்டிய குடியானவன் குடும்பத்தோடு வெளியேற்றப்படுகிறான். பெர்கமோ வட்டாரத்து விவசாயிகளே அதில் நடித்தார்கள். லெனின் பாரதியும் உள்ளூர் முகங்களை நம்பியே படமெடுத்தார். ஓல்மியின் மாந்தர் செபமாலை சொல்கிறார்கள், ரங்கசாமி சொல்வதில்லை என்பதைத் தவிர, உழைப்பவரின் மாண்பு பற்றி 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் சுற்றுமடல் எழுதியது யாருக்காகவோ அவர்களே இரு படங்களிலும் இருக்கிறார்கள்.

ராயப்பன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் திராட்சைப் பந்தல்களில் கூலிக்கு நிற்பவர்கள் பலருக்கு ரங்கசாமியின் கணக்கு புதிதன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கொடி 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவால் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. அக்குருவின் கொடிக்கு நிலம் கிடைத்தது, சுமைகாரனுக்குக் கிடைக்கவில்லை. பங்கு இளையோர் கூடித் திரையிட ஒரே ஒரு படம் தேட வேண்டியிருந்தால், இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் மொழிமாற்றுப் படங்களுக்கு முன்னதாக 'மேற்குத் தொடர்ச்சி மலை'யையே இத்தொடர் பரிந்துரைக்கும்.

குழந்தைகளுக்கான தேர்வு மீண்டும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரிந்திருப்பதும், தணிக்கை வாரியம் சொல்லும் வயதும் பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவும் எங்கே பிரிகின்றன என்பதும் அங்கே வரும். ரோசெல்லினி மீண்டும் குறுக்கிடாவிட்டால்.