கடிகாரம் காட்டும் கிலோமீட்டர்

மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர் மணிக்கட்டைப் பார்க்கிறார். பந்தயத் தூரம் 42.195 கிலோமீட்டர், கடிகாரமோ 42.6 என்கிறது. பாதையைத் தவறாக அளந்துவிட்டார்களோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. பெரும்பாலும் பிழை பாதையில் இல்லை.

சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டே கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கி, அதில் மூன்று கூறு பிசகினாலும் கணக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மாறிவிடும். மும்பை மாரத்தானின் பெடர் சாலைப் பகுதியில் உயர்ந்த கட்டடங்களில் மோதிய சமிக்ஞை தாமதமாக வருகிறது. நேராக ஓடுபவரின் தடமும் கோணல்மாணலாகப் பதிவாகி நீள்கிறது. பாந்த்ரா-வொர்லி கடற்பாலத்தில் வானம் திறந்திருப்பதால் இத்தொல்லை குறைவு. இரு அலைவரிசைகளைப் பெறும் புதிய கடிகாரங்கள் இப்பிழையைக் குறைக்கின்றன, ஒழித்துவிடுவதில்லை.

பந்தயப் பாதையோ, அளவு சரிபார்க்கப்பட்ட மிதிவண்டியைக் கொண்டு, ஓடக்கூடிய மிகக் குறுகிய தடத்தில் அளக்கப்படுகிறது. தூரம் குறைந்துவிடாதிருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கப்படுகிறது. கூட்டத்தை விலக்கி, வளைவுகளில் வெளிப்புறமாகச் செல்பவர் உண்மையிலேயே சற்று அதிகமாக ஓடுகிறார். அந்த மிகுதிக்குக் கடிகாரத்தைக் குறை கூற இயலாது.

நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புவோர் ஒரு கிலோமீட்டரை 5 நிமிடம் 41 நொடியில் கடக்க வேண்டும். கடிகாரத்தின் தூரத்தையே நம்பி ஓடினால், அந்த 400 மீட்டர் இரண்டு நிமிடங்களுக்கு மேல் விழுங்கிவிடும். பல மாத உழைப்பு நூலிழையில் நழுவும். ஆகவே, அனுபவமுள்ளோர் தானியங்கி 'லேப்' வசதியை முதல்நாளே நிறுத்திவைத்து, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் பொத்தானைத் தாமே அழுத்துகின்றனர்.