டிரான்ஸ்ஃபர் கேஸைக் கடைசியாகப் பிரியுங்கள்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் கிளைபிரியும் மண்பாதைகள் பல கரிசலில் போகின்றன. கோடையில் பாளம் பாளமாக வெடித்து இறுகிக் கிடக்கும் அந்த மண், ஐப்பசி கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்பும்; டயரின் பட்டன்களை அடைத்துக்கொண்டு சக்கரத்தை வழுக்கிவிடும். பாதுகாப்புக்காக ஊரைவிட்டுத் தள்ளிக் கட்டப்பட்ட பட்டாசு ஆலைகளுக்கு இப்படிப்பட்ட பாதைகளில்தான் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. பழைய மஹிந்திரா ஜீப், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, 1998-இல் வந்த டாடா சஃபாரி, 2002-இல் வந்த ஸ்கார்ப்பியோ ஆகியவற்றின் ஃபோர் வீல் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி தேவைப்படுவது வருடத்தில் சில வாரங்களே. ஆனால் அந்தச் சில வாரங்களில்தான் லீவர் இறங்காது, முன்சக்கரம் இழுக்காது, அல்லது போட்ட கியர் தானாகக் கழன்றுவிடும். உடனே "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு" என்று தீர்ப்பாகிறது. பெட்டி பட்டறையில் பிரிக்கப்படுகிறது. இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் அவசரமானது. பெட்டிக்கு வெளியே இருக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே அதைப் பிரிக்க வேண்டும்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸின் வேலை. ஜிப்ஸியில் இது கியர்பாக்ஸைவிட்டுத் தனியாக, ஒரு குட்டை ஷாஃப்ட்டால் இணைக்கப்பட்டு, ரப்பர் மவுண்டுகளில் தொங்குகிறது. பழைய ஜீப்புகளில் கியர்பாக்ஸோடு ஒட்டியே இருக்கிறது. மேற்சொன்ன வண்டிகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. ஃபோர் வீலில் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்பட்டுவிடும். இரண்டு அச்சுக்கும் இடையில் வேக வேறுபாட்டை ஏற்றுக்கொள்ள டிஃபரன்ஷியல் (கிரவுன்) கிடையாது. கோளாறுகளாக நாம் நினைக்கும் பலவற்றுக்கு இந்தப் பூட்டே மூலம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜிப்ஸியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,375 மில்லிமீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் நடுப்பகுதி ஏறத்தாழ 6.45 மீட்டர் ஆரத்தில் திரும்பும். தெருமுனையில் ஒரு கால்வட்டம் திரும்புவதற்குள் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சுமார் 70 சென்டிமீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். ஷாஃப்ட்டுகள் பூட்டியிருப்பதால் அவை அப்படி ஓட முடியாது. சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஈரத்துணியை இரு முனையிலும் பிடித்துப் பிழிவதுபோல ஷாஃப்ட்டுகளும் அச்சுகளும் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கின் அழுத்தத்தில் கியர் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் லீவர் வெளியே வராது. பெட்டிக்குள் எதுவும் உடைந்திருக்காது. நேராகச் சில மீட்டர் பின்னுக்கு எடுத்து முறுக்கைத் தளர்த்தினால் லீவர் கைக்கு வந்துவிடும். வராத லீவரைச் சுத்தியலால் தட்டி இறக்குவதுதான் உண்மையில் கியரை நகர்த்தும் ஃபோர்க்கை வளைக்கிறது.

டயர் வித்தியாசமும் இதே முறுக்கை ஏற்றும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று போடுவது நம் ஊரில் வழக்கம். பட்டன் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் குறையும். சுற்றளவு 2.1 மீட்டர் உள்ள டயரில், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் தேய்ந்த சக்கரம் புதியதைவிட எட்டு, ஒன்பது சுற்று கூடுதலாகச் சுற்றும். அப்படியானால் நேர்ச்சாலையில்கூட முறுக்கு ஏறிக்கொண்டே போகும். பேரிங்கும் பல்லும் காரணம் தெரியாமல் தேயும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியில்லை என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு டயர்களின் அளவும் தேய்மானமும் காற்றும்.

முன்சக்கரம் இழுக்கவில்லை என்ற புகாருக்கு, எதையும் பிரிக்காமலேயே கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. சமதரையில் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, முதல் கியரிலும் ஃபோர் வீலிலும் போட்டுவிட வேண்டும். ஹப் கையால் பூட்டும் வகையானால் அதையும் பூட்ட வேண்டும். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கையால் சுற்றிப் பார்க்கலாம். சிறிதளவு ஆட்டம் தவிரச் சக்கரம் சுற்றவில்லை என்றால் பெட்டி முதல் சக்கரம் வரை இணைப்பு சரி. சக்கரத்தோடு முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றினால், பெட்டிக்குள்ளோ அதை இயக்கும் லிங்கேஜிலோ இணைப்பு விழவில்லை. சக்கரம் மட்டும் சுற்றி ஷாஃப்ட் நின்றால், டிரான்ஸ்ஃபர் கேஸ் குற்றமற்றது. முன் ஹப்பிலோ அச்சிலோ தேட வேண்டும். எந்தப் பக்கத்து ஹப் என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. டாஷ்போர்டில் எரியும் 4வீல் விளக்கு இதற்கெல்லாம் சாட்சி ஆகாது. பெட்டிக்குள் ஃபோர்க் நகர்ந்து சுவிட்ச்சைத் தொட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். சக்கரம் இழுக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

சத்தத்தையும் இப்படியே பிரித்தறியலாம். டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டி நின்றபடியே கியர் போட்டு இன்ஜினை ஓட்டினால் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபரின் உள்வரும் பகுதியும் மட்டுமே சுழலும். சத்தம் அப்போதும் இருந்தால் அந்தப் பகுதியில். இல்லையென்றால் வெளியேறும் பேரிங், ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ், கிரவுன் ஆகியவற்றில். கியர் கழன்றுவிழும் ஜிப்ஸியில் ஃபோர்க்கைச் சந்தேகிக்கும் முன் கிழிந்த ரப்பர் மவுண்டைப் பார்க்க வேண்டும். இழுவையில் பெட்டி நகர, லீவர் தரைத்தகட்டில் இடித்து வெளியே தள்ளப்படலாம். சுவிட்ச்சில் மாறும் சஃபாரி, ஸ்கார்ப்பியோ வகைகளில் பேட்டரி மின்னழுத்தம், எர்த், கனெக்டர், ஷிஃப்ட் மோட்டார் என்ற வரிசையில் போக வேண்டும். கடைசியாக எண்ணெய். வடித்த எண்ணெயில் உலோகத் துகள் பளபளத்தால் தேய்மானம்; பால்நிறமானால் தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதுபோன்ற வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டிகளில் இதைப் பார்ப்பது கட்டாயம். 80 டிகிரி சூட்டில் இருக்கும் பெட்டி 30 டிகிரி நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கி, காற்றுத் துளையான பிரீதர் வழியாகவும் தளர்ந்த சீல் வழியாகவும் நீரை உள்ளே இழுக்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாரே, இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காதுக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் வண்டியின் சட்டமும் தரைத்தகடும் ஒலியைக் கடத்துவதால், கிராஸில் பிறக்கும் சத்தமும் பெட்டியில் பிறக்கும் சத்தமும் ஓட்டுநரின் காலடியில் ஒன்றுபோலக் கேட்கும். சோதனை காதுக்கு எதிரியல்ல. காது சொல்வதை உறுதிப்படுத்துவது. எப்படியும் பிரித்தால் உண்மை தெரிந்துவிடுமே என்பது இன்னொரு வாதம். பிரிப்பதற்கும் விலை இருக்கிறது: உதிரிபாகம் அரிதாகிவிட்ட பழைய பெட்டியில் சீல்கள் மாற்றியாக வேண்டும், இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம்மின் அளவு மாறினால் பேரிங் இறுகும் அல்லது தளரும். வெளியே இருந்த கோளாறு அப்படியே இருக்க, உள்ளே புதுக்கோளாறு சேரும். பெட்டியே கெட்டுப்போவது இல்லை என்று இதற்குப் பொருளல்ல. செயின் உள்ள பெட்டிகளில் செயின் நீளும், ஃபோர்க் தேயும், ஸ்பிரிங் தளரும். விலக்கிப் பார்த்த பிறகு குற்றம் உள்ளேதான் என்று தெரிந்தால், எதைத் தேடிப் பிரிக்கிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.

மழை குறைந்த சீமையில் ஃபோர் வீல் இயந்திரம் தேயாமல் நன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கைதான் இதில் அதிகக் கேடு செய்கிறது. இயங்காத உறுப்பில் எண்ணெய்ப் படலம் வடிந்துவிடுகிறது. லிங்கேஜில் தூசி ஏறி இறுகுகிறது. ஹப்புக்குப் போகும் வேக்கம் குழாயின் ரப்பர் வெயிலில் வெடிக்கிறது. ஷிஃப்ட் மோட்டார் ஒரே இடத்தில் பிடித்துக்கொள்கிறது. பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை மண்பாதையில், நேர் ஓட்டத்தில், ஓரிரு கிலோமீட்டர் முன்சக்கரத்தை இயக்குங்கள்; லோ ரேஞ்சையும் வண்டியை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். தார்ச்சாலை ஏறும் முன் எடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் எண்ணெயையும் பிரீதரையும் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கோளாறு வந்தால், பட்டறையில் முதலில் ஜாக்கியைக் கேளுங்கள். ஸ்பானரைக் கடைசியில் எடுக்கலாம்.