பெயரில்லாத சிப்பாய்களின் போர்

ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் என்ற வீடியோ கேம் 1997 ஜூனில், சோனியின் முதல் பிளேஸ்டேஷனுக்காக ஜப்பானில் வெளிவந்தது. தயாரித்தது ஸ்க்வேர் நிறுவனம், இயக்கியவர் யசுமி மட்சுனோ. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு குவெஸ்ட் என்ற நிறுவனத்தில் டாக்டிக்ஸ் ஓகர் என்ற ஆட்டத்தை உருவாக்கிப் பெயர் வாங்கியவர் அவர். இந்த வகை ஆட்டங்களைப் பார்த்திராதவர்கள், மேடும் பள்ளமுமான ஒரு சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், இங்கே காய்கள் ஒவ்வொரு சண்டையிலும் ஏதாவது கற்றுக்கொள்ளும், செத்தால் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பி வராது. 2025 செப்டம்பரில் இது புதுப்பிக்கப்பட்டு மறுபடி வந்தபோது, அந்த வகையின் உச்சம் என்ற பழைய புகழுரையும் கூடவே வந்தது. புகழுரையில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பிறப்பால் மனிதனுக்கு மதிப்பு வருவதில்லை என்று கதையிலும் விதிகளிலும் அழுத்தமாகச் சொல்லத் தொடங்கும் இந்த ஆட்டம், பின்பாதியில் அதே பேச்சைக் கைவிட்டுவிடுகிறது.

கதை ஐவலிஸ் என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. இங்கிலாந்தின் ரோஜாப் போர்களை அடியொற்றியது. அண்டை நாட்டோடு ஐம்பது ஆண்டு போரிட்டுத் தோற்று, கஜானா காலியான தேசம். போரில் உயிரைப் பணயம் வைத்த ஏழைச் சிப்பாய்களுக்குக் கூலி கொடுக்கவில்லை, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஆயுதத்தோடு கலகத்தில் இறங்குகிறார்கள். அவர்களை அடக்கப் புறப்படும் பிரபு குலத்து இளைஞன் ராம்சாதான் நாயகன். அவனோடு அதே மாளிகையில் வளர்ந்த ஏழைத் தோழன் டெலிட்டா. மூன்றாவதாகச் சேரும் ஆர்காத், அந்தஸ்தை இழந்த பிரபு குடும்பத்தின் பிள்ளை. எளியவர்கள் மீது மிக உரக்க வெறுப்பைக் கக்குபவன் அவன்தான். இது கூர்மையான கவனிப்பு. முதல் அத்தியாயத்தின் முடிவில், பிணைக்கைதியாகப் பிடிபட்ட டெலிட்டாவின் தங்கை டியெட்ராவை, ராம்சாவின் அண்ணன் கண்ணசைக்க, ஆர்காத் அம்பெய்து கொல்கிறான். அவள் பிரபு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். இரண்டு நண்பர்களும் அங்கே பிரிகிறார்கள். ராம்சா குலப்பெயரைத் துறந்து, எளிய குடியில் பிறந்த தாயின் பெயரை வைத்துக்கொண்டு கூலிப்படையில் சேர்கிறான். டெலிட்டா, தன்னை ஆட்டிவைத்தவர்களை ஆட்டிவைக்கும் வழியைத் தேடிப் போகிறான். 1997-இல் வந்த ஒரு விளையாட்டுக்கு இது துணிச்சலான தொடக்கம், இன்றைக்கும் துணிச்சலானதுதான்.

விதிகளும் அதே கட்சிதான். ராம்சாவின் படையில் பெரும்பாலோர் கதையில் இடமே இல்லாத, காசு கொடுத்து அமர்த்திய சாதாரணச் சிப்பாய்கள். அவர்களை என்னவாக வேண்டுமானாலும் ஆக்கலாம். எடுபிடி வீரனாகவோ மருந்து எறிபவனாகவோ தொடங்குபவன், வில்லாளி, துறவி, சூனியக்காரன், நிஞ்ஜா என்று ஏறத்தாழ இருபது தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு மாறலாம். ஒரு தொழிலில் கற்றதை இன்னொன்றுக்கும் எடுத்துப் போகலாம். வாளேந்தியவன் வைத்தியமும் பார்ப்பான், மந்திரவாதி கூரைக்குக் கூரை தாவுவான். ஒவ்வொருவருக்கும் துணிவு, நம்பிக்கை என்று இரண்டு அளவுகள் உண்டு. நம்பிக்கை மிகுந்தவனின் மந்திரம் பலமாகப் பலிக்கும், எதிரியின் மந்திரமும் அவன் மேல் அதே பலத்தோடு விழும். நம்பிக்கை எல்லை மீறினால் போதுமடா இந்தப் போர் என்று இறைவழி தேடிப் படையை விட்டே போய்விடுவான். ராசிப் பொருத்தம்கூட உண்டு: ராசி ஒத்துவராதவன் குணமாக்கும் மந்திரம் ஓதினால் காயம் முழுதாக ஆறாது. ஜாதகம் பார்த்துப் படை நடத்தச் சொல்லும் ஆட்டம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை! இப்படிச் சின்னச் சின்னக் கணக்குகள் சேர்ந்து, எந்திரம் தற்செயலாகப் பெயர் வைத்த ஒரு சிப்பாயை நாம் அடையாளம் காணும் மனிதனாக்கிவிடுகின்றன. அவன் விழுந்தபின் மூன்று சுற்றுக்குள் எழுப்பாவிட்டால் நிரந்தரமாகப் போய்விடுவான் என்பதால், அடுத்த அடியை யோசித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

சண்டையின் உயிர்நாடி நேரம். பெரும்பாலான ஆட்டங்களில் நம் அணி முழுதும் நகர்ந்தபின் எதிரணி நகரும். இங்கே அவரவருக்குத் தனிக் கடிகாரம். ஒவ்வொரு கணமும் வேகத்துக்கேற்ப எண் ஏறி, நூறைத் தொட்டவனுக்கு முறை வரும். நகர்ந்து, தாக்கவும் செய்தால் எண்ணிக்கை கீழிருந்து தொடங்கும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை சீக்கிரம் வரும். பெரிய மந்திரத்துக்கு அதை ஓதி முடிக்கும் அவகாசம் தேவை. அதற்குள் எதிரி விலகிவிடலாம், அல்லது நம் ஆளையே உரசிக்கொண்டு வந்து நிற்கலாம். அப்போது நெருப்பு இருவர் தலையிலும் விழும். பின்னாலிருந்து தாக்கினால் தடுப்பது கடினம் என்பதால், முறையை முடிக்கும்போது எந்தத் திசை பார்த்து நிற்பது என்பதும் ஒரு முடிவு. பிரபுவின் வாளும் கூலிக்காரனின் வாளும் இந்தக் கடிகாரத்துக்கு ஒன்றுதான். கதை சொன்ன சமத்துவத்தை விதி நடைமுறையில் காட்டுகிறது. இந்த ஆட்டத்தின் மேன்மை இதுதான் என்பேன்.

நான்காம், கடைசி அத்தியாயத்தில் சிடோல்ஃபஸ் ஓர்லாண்டோ வந்து சேர்கிறார். தலைமுறையில் ஒருவர் என்று நாடே போற்றும் தளபதி, பிறப்பால் பிரபு. அவருடைய வாள்வித்தைகள் தூரத்திலிருந்தே பாயும், குறி தப்பாது, ஓதும் அவகாசம் கேட்காது. கையில் எக்ஸ்காலிபர் வாளோடு வருகிறார். அது அவரை எப்போதும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்திருக்கும். மேலே சொன்ன கடிகாரம், திசை, உயரம், ராசி எல்லாவற்றையும் இந்த ஒருவர் கிட்டத்தட்டச் செல்லாக்காசாக்குகிறார். சண்டைக்கு ஐந்து பேரைத்தான் இறக்க முடியும். முப்பது மணிநேரம் வளர்த்த சிப்பாய் வெளியே உட்கார்கிறான். யாருக்கும் பிறப்பால் மதிப்பில்லை என்று பேசிவந்த ஆட்டம், குலமும் பட்டமும் உள்ளவரின் கையில் வெற்றியைக் கொடுத்துவிடுகிறது.

வேண்டாமென்றால் அவரைச் சேர்க்காமல் விடலாமே என்று ரசிகர்கள் சொல்வார்கள். விடலாம். ஆனால் வடிவமைப்பாளர் செய்ய வேண்டிய கட்டுப்பாட்டை ஆட்டக்காரர் தானே விதித்துக்கொள்வது, வடிவமைப்பின் நிறை ஆகாது. கணக்கன் என்ற தொழில் இதைவிட அநியாயம் இல்லையா என்றும் கேட்பார்கள். அந்தத் தொழிலின் வித்தை, நிலை அல்லது உயரம் மூன்று, நான்கு, ஐந்தின் மடங்காகவோ பகா எண்ணாகவோ உள்ள எல்லோர் மீதும், களத்தின் எந்த மூலையில் நின்றாலும், ஒரே நொடியில் மந்திரத்தை இறக்குகிறது. சமநிலையை அது சிதறடிப்பது உண்மை. இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கணக்கனாவதற்குப் பல தொழில்களில் மாடாக உழைக்க வேண்டும், மடங்குகளை எண்ணிச் சொந்தப் படையைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பெயரில்லாத சிப்பாய் ஒருவன் படித்து அங்கே போய்ச் சேர்கிறான். உழைத்துச் சம்பாதித்த அநியாயத்தை மன்னிக்கலாம், தட்டில் வைத்து நீட்டியதை மன்னிப்பது கடினம்.

கதையிலும் இதே சறுக்கல். வாரிசுப் போர், திருச்சபையின் சதி, கூலி கிடைக்காத சிப்பாய் என்று மண்ணில் நடந்துகொண்டிருந்தது, ராசிக் கற்களுக்குள் ஒளிந்திருக்கும் அரக்கர்களின் கதையாக மாறுகிறது. போர் மூண்டதற்கு அதிகாரப் பசியும் பஞ்சமும் காரணமாக இருந்தவரை நமக்கு அதில் யோசிக்க ஏதோ இருந்தது. அரக்கர்களின் சூழ்ச்சி என்று ஆனபின் வெட்டுவது மட்டுமே மிச்சம். அரக்கர்கள் வெறும் அரக்கர்களல்ல, மனித ஆசையின் உருவம்தான் என்று இதற்குப் பதில் சொல்வதுண்டு. வீக்ராஃப் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கலகக்காரர்களின் தலைவன், தங்கையைப் போரில் இழந்தவன், சாகும் தறுவாயில் கல்லின் குரலுக்கு இணங்குகிறான். அந்த இணக்கத்தில் அரசியலும் துயரமும் இருக்கின்றன. இறுதியில் எழுந்துவரும் தெய்வ உருவத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆட்டத்தைக் காப்பாற்றுவது டெலிட்டாதான். அவன் கடைசிவரை மண்ணிலேயே நிற்கிறான். பொய்யும் கொலையும் செய்து சிம்மாசனம் ஏறி, தன்னை நம்பிய அரசி ஒவீலியாவின் கத்தியை வாங்கிக்கொள்கிறான். நாட்டைக் காத்த ராம்சாவைத் திருச்சபை மதவிரோதி என்று எழுதி வைக்கிறது. உண்மையை எழுதிய ஓரான் டுராய் எரிக்கப்படுகிறார். வரலாற்றில் பெயர் யாருக்குக் கிடைக்கிறது என்ற முதல் அத்தியாயக் கேள்விக்கு இது தகுந்த விடை. ஆனால் டெலிட்டாவின் பகுதி பெரும்பாலும் நாம் பார்ப்பது, ஆடுவதல்ல.

இன்னொரு குறையை இவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். ஆக்ரியாஸ் போன்ற அருமையான பாத்திரங்கள் படையில் சேர்ந்ததும் கதையில் ஏறத்தாழ ஊமையாகிவிடுகிறார்கள். அவர்களும் களத்தில் சாகலாம் என்பதால், பின்னால் வரும் காட்சிகளில் அவர்களை நம்பி வசனம் எழுத முடியாது. மரணத்தை நிஜமாக்கியதற்கான விலை அது. 2025 பதிப்பு போர்க்களத்தில் அவர்களுக்குப் புதிய பேச்சு கொடுத்து இதைக் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கிறது.

வெறும் கவனக்குறைவான பிழைகளும் உண்டு. ரியோவேன்ஸ் கோட்டையில் மூன்று சண்டைகள் அடுத்தடுத்து வரும். இரண்டாவதில் ராம்சா தனியாக வீக்ராஃபோடு மோத வேண்டும். பழைய பதிப்பில் இடையில் ஊருக்குத் திரும்பவோ பயிற்சி எடுக்கவோ வழியில்லை. ஒரே சேமிப்பை வைத்திருந்து அதன் மேலேயே பதிந்தவர்கள் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டி வந்தது. கூரையில் நடக்கும் மூன்றாவதில், நாம் காக்க வேண்டிய ராஃபா தானே கொலையாளிகளை நோக்கி ஓடுவாள். அடுத்தது அனுபவப் புள்ளி. வெல்வதற்கல்ல, ஏதாவது செய்ததற்குக் கிடைக்கும் புள்ளி அது. விளைவு, தவளையாக்கிய ஓர் எதிரியை உயிரோடு விட்டுவிட்டுச் சொந்தச் சிப்பாய்கள் மேலேயே கல்லெறிந்து புள்ளி சேர்ப்பது வழக்கமாகிப்போனது. அத்தனை நுட்பமான கடிகாரத்தைச் செய்தவர்கள் இதைக் கவனிக்காதது வியப்பு.

புதிய பதிப்பு மூன்று கடின நிலைகளையும், தானே சேமித்துக்கொள்ளும் வசதியையும், முறை வரும் வரிசையை எப்போதும் திரையில் காட்டும் ஏற்பாட்டையும் சேர்த்திருப்பதால், முதல் முறை ஆடுபவர்கள் அதிலேயே தொடங்கலாம். கடினத்தைத் தொடக்கத்திலேயே உயர்த்த வேண்டாம், முதல் சில சண்டைகள் நடுத்தர நிலையிலேயே போதிய அளவு கடுமையானவை. ரியோவேன்ஸுக்குள் நுழையுமுன் தனியாக ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓர்லாண்டோ வந்ததும் எக்ஸ்காலிபரைக் கழற்றி, முதல் அத்தியாயத்திலிருந்து கூட வரும் ஒரு சிப்பாயின் கையில் கொடுத்துவிட்டு அவருக்கு ஓய்வு கொடுங்கள்.